கையெழுத்துப் பிரதிகள் ஏற்கப்படமாட்டா

அநியாயம் செய்யப்பட்டது அவளுடைய சித்திக்கு. நாற்பத்திரண்டு பக்கம் எழுதிய கதையை, கையால் எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக, யாரும் படிக்காமலே தள்ளிவிட்டார்கள்.

இதைக்கூடத் தட்டிக் கேட்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் படித்து என்ன கிழிக்கப்போகிறோம் என்று, காலை வகுப்பை விட்டுவிட்டு, கதைப்போட்டி நடத்திய அறக்கட்டளை அலுவலகத்தின் மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தாள் அவள்.

முன்னறையில் ஒரே ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கலாம். வலது மணிக்கட்டில் வலிக்குப் போடும் மருந்துக்கடைப் பட்டை சுற்றியிருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில் பாதி கடித்த பிஸ்கட்.

"புது எழுத்தாளர் உதவித்தொகைப் போட்டி இங்கதானே நடத்தறீங்க?"

"ஆமா. முடிவு போன வாரமே வந்தாச்சேம்மா."

"அதைப் பத்திச் சண்டை போடத்தான் வந்திருக்கேன்."

"உட்கார்ந்து போடு. நின்னுக்கிட்டே போட்டா சீக்கிரம் கால் வலிக்கும்."

அவள் உட்காரவில்லை.

"கையெழுத்துப் பிரதிகள் ஏற்கப்படமாட்டான்னு விதி போட்டிருக்கீங்களே, எந்தப் புண்ணியவான் யோசிச்சது? டைப் அடிக்க வசதி இருக்கறவங்க மட்டும்தான் கதை எழுதணுமா? எங்க சித்தி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலை பார்க்கறாங்க. மெஷின்ல துணி சுத்தற நேரத்துல, மடிச்சு வெச்ச போர்வை மேல நோட்டை வெச்சு எழுதினது. ஒரு வருஷம்! முடிவு வந்த நாள்லேர்ந்து பேனாவைத் தொடலை. 'நமக்கெல்லாம் இது எதுக்கு'ன்னு, வாங்கி வெச்சிருந்த புது நோட்டையும் என்கிட்ட கொடுத்துட்டாங்க. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"விதி எங்க தலைவர் போட்டது. கதையை அனுப்பினது யாரு, சித்தியேவா?"

"நான்தான். படிவம் நிரப்பி, உறை வாங்கி, ஒட்டி, நானே தபால்ல சேர்த்தேன்."

"உன் தோள்ல தொங்கறது லேப்டாப்தானே?"

"எனக்கு அப்ப பரீட்சை இருந்தது. விதியையே முடிவு வந்தப்புறம்தான் பார்த்தேன். பேச்சை மாத்தாதீங்க!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், சுவரோர அலமாரியைத் திறந்தாள்.

"கையெழுத்துல வந்தது மொத்தம் எண்பத்தாறு. எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு சொன்னாங்க. போடறதுக்கு முன்னாடி ஒண்ணுல முதல் வரியைப் படிச்சுத் தொலைச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

அலமாரி முழுக்கக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் அடியில் கையால் எழுதிய தாள்கள். அவற்றின் மேல், அதே கதை, சுத்தமாக டைப் அடிக்கப்பட்டு.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"எண்பத்தாறையும்... நீங்களேவா அடிச்சீங்க?"

"வேற யாரு வருவா? சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம், ஆபீஸ் விட்டதும் கொஞ்சம். அடிச்சு மத்த கதைகளோட கலந்து வெச்சிட்டேன். நடுவர்களுக்குப் பேரு போகாது, வெறும் நம்பர்தான் போகும். அவங்களுக்கு என்ன தெரியும்?"

"யாரு செய்யச் சொன்னா உங்களை?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனா? தலைவர் காதுல போட்டுடாதே தாயே, என் வேலை போயிடும்."

 அவள் பட்டை சுற்றிய அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

"அக்கா... அப்ப சித்தி கதையையும் படிச்சாங்களா?"

"சலவைக் கதைதானே? அம்பத்தி மூணாம் நம்பர்! நீ ஆஸ்பத்திரின்னதுமே நினைச்சேன். கடைசிச் சுற்று வரைக்கும் போச்சும்மா. ஒரே ஒரு ஓட்டுல தவறிடுச்சு."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பேச ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில்.

"சலவைக்கு வர்ற விரிப்பைப் பார்த்தே, அந்தப் படுக்கையில ராத்திரி எப்படிப் போச்சுன்னு சொல்றாளே கதையில வர்ற அந்தப் பொம்பளை! ஓரம் கசங்கியிருந்தா, வலியில இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. நடுவுல மட்டும் கசங்கியிருந்தா, நல்லாத் தூங்கியிருக்காங்க. ஒன்பதாம் படுக்கைக்காரரை அவ கண்ணால பார்த்ததே இல்ல. ஆனா அவரோட ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்குத் தெரியும். அந்த இடத்தை அடிக்கும்போது விரல் அப்படியே நின்னுடுச்சும்மா எனக்கு."

 சோப்பு வாசனையோடு வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத சித்தியா? இத்தனையையும் தனக்குள்ளே வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்துத் தூங்கினாள்?

"ஒருநாள் ஒன்பதாம் விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாம வருது. அவ அதைக் கையில பிடிச்சுக்கிட்டே மாடிப்படி ஏறறா. பாதிப் படியில கதையை நிறுத்திட்டாங்களே உங்க சித்தி! மூணு மாசமா அதே நினைப்பு. நடுவருங்ககிட்ட போய்க் கேட்க முடியுமா? நல்லவேளை, நீ வந்தே. அவர் பிழைச்சு வீட்டுக்குப் போயிட்டாரா, இல்ல...? நீ என்னம்மா நினைச்சே?"

எந்த மேடையிலும் வார்த்தைக்குத் திண்டாடாதவள், லேப்டாப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லும்மா. படிச்சு முடிச்சதும் உனக்கு என்ன தோணிச்சு?"

"நான்... நான் இன்னும் படிக்கலைக்கா."