நெட் சரியில்லை

உதடுகள் ஒட்டிக்கொண்டன.

திறக்கவில்லை.

மடிக்கணினித் திரையில் நேர்காணல் எடுக்கும் அந்த மனிதர் காத்திருந்தார். நரைத்த மீசை, நீலச் சட்டை, சென்னையில் ஏதோ ஒரு கண்ணாடி அறை. அவர் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை.

"மொதல்ல உங்க பேரச் சொல்லுங்கம்மா."

பெயர் அவள் முகத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. மங்கையர்க்கரசி. அவர் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் கேட்டார். பெயர் கேட்காமல் தொடங்குகிற பேச்சு இந்த உலகத்தில் ஒன்றாவது உண்டா?

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். நிரல் எழுதச் சொன்னபோது நாற்பது நிமிட வேலையைப் பதினெட்டில் முடித்தாள். யானையே உள்ளே போய்விட்டது. வால் மட்டும் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த வருடம் கல்லூரிக்கு வரும் கடைசி நிறுவனம் இது. இதை விட்டால் அவளே வெளியில் போய் வேலை தேட வேண்டும். போகிற இடமெல்லாம் பெயர் கேட்பார்கள்.

திக்கிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. சிக்குகிற சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குத் தாவிவிடுவது. அதில் அவள் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மசால் தோசைக்கு ஆசைப்பட்டு ஊத்தப்பம் சாப்பிட்டிருக்கிறாள். மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டியவள் கண்டக்டரிடம் ஒத்தக்கடை என்று சொல்லிச் சீட்டு வாங்குவாள். நல்லவேளை, ஒத்தக்கடை அதற்கு அப்பால் இருக்கிறது.

பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் இல்லை.

அப்பாவைத் திட்டத் தோன்றியது. பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு நீளமாகவா வைப்பார்கள்? அவருக்கு மட்டும் அப்போது தெரியுமா, பாவம்.

மடிக்கணினிக்குப் பின்னால், கேமராவில் விழாத சுவரோரம், தில்லைநாயகி மேடம் நின்றிருந்தார். கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி. மூன்று மாதமாக, வகுப்பு முடிந்த பிறகு அவளை உட்கார வைத்துப் பழக்கியவர். பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று எல்லாம் கேட்டார். சிக்கிய இடத்திலெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு சொல்லுக்குத் தாவினாள். மேடம் ஒருநாள்கூடப் பெயரைக் கேட்கவில்லை. தெரிந்த பெயரை எதற்குக் கேட்பார்கள்?

விண்ணப்பத்தில் 'குறைபாடு ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னதும் அவர்தான்.

"நீயாப் போயித் திக்கும்னு சொல்லிராத தாயி. மொதல்ல உள்ள போயிரு. பெறகு யாரு கேக்கப் போறா?"

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. போன வருடம் உள்ளதைச் சொன்ன இரண்டு பேருக்கும் அன்பான கடிதம் வந்தது. வேலை வரவில்லை.

அவள் மறுபடி முட்டிப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே மூச்சு நின்றது. கண் இமைக்கவில்லை. தோள் அசையவில்லை. நெஞ்சு மட்டும் உள்ளே அடித்துக்கொண்டது.

ஐந்து விநாடி.

எட்டு.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"உங்க பக்கம் நெட் நின்னுருச்சு போலம்மா. படம் அப்படியே நிக்குது."

அட!

மேடத்துக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். அப்படியே இரு. அசையாதே. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஜன்னலோரத்து வைஃபை பெட்டியை நோக்கி நடந்தார். பொய்யை மெய்யாக்க ஒரு சுவிட்ச் போதும்.

அவள் அசையவில்லை.

திக்கியதை ஒருவர் திக்கல் என்று நினைக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. சுகமாகக்கூட இருந்தது. நெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

நெட் திரும்ப வரும். வந்ததும் அவர் என்ன கேட்பார்?

அதையும் எப்படியோ தாண்டி, வேலையும் கிடைத்துவிட்டால்? காலையில் ஒரு கூட்டம். புது ஆள் வந்தால் அறிமுகம். ஃபோனை எடுத்தால், யார் பேசுறது. அந்த வேலையில் இருக்கும் வரைக்கும் அவளுக்கு நெட் சரியில்லாமலே இருக்க வேண்டும்.

வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று மூன்று மாதமாகப் பயந்தாளே, அதைவிடப் பெரிய பயமாக இருந்தது இது.

மேடத்தின் விரல் சுவிட்சுக்குப் போய்விட்டது.

அவள் வலது கையைத் தூக்கினாள். கேமராவுக்கு நேராக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மெதுவாக ஆட்டினாள். உதடுகள் அப்போதும் ஒட்டியே இருந்தன.

திரையில் அந்த மனிதர் கையைப் பார்த்தார். பிறகு வாயைப் பார்த்தார்.

"ஓ" என்றார்.

அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடத்தின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அவள் மூச்சை விட்டாள். இந்த முறை உதட்டைக் கடித்து மறைக்கவில்லை. எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ம... ம... ம... ம..."

மூன்று மாதமாகப் பழக்கிய மேடம், அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டார்.