பிஸ்டன் மேல் நீலக் களிமண்

ரயில் பாதையோரக் கோர்படி ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில், பெஞ்சின் மேல் எண்ணெய் மினுங்கக் கிடக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளிலும் படுகிறது. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள்; மெர்வினின் காரை ரோட்டில் ஓட்ட ஒன்று, ரேஸுக்கு மற்றது. அதனதன் சிலிண்டர் ஹெட் பக்கத்திலேயே கவிழ்ந்திருக்கிறது. "ரேஸ் செட்டு போட்டா வண்டி ட்ராக்குக்கு மட்டும்தான் மெர்வின். ஃப்ளோராவையும் பாப்பாவையும் கூட்டிட்டு வர இதுல கோயம்புத்தூர் போக முடியாது," என்கிறார் மோசஸ் அண்ணன். போன வாரம் மனைவி ஃப்ளோரா மகள் டானியாவோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போனபோதும் மெர்வின் இதே பெஞ்சருகில்தான் நின்றிருந்தான். வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க அண்ணன் களிமண் கேட்கிறார். டானியா செய்துவைத்துவிட்டுப் போன நீலக் களிமண் யானையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கிறார். பிறகு அதைத் தட்டையாக்கி பிஸ்டன் மேல் அப்பி, ஒட்டாதிருக்க எண்ணெய் தடவி, ரேஸ் செட்டை மாட்டி, ஸ்பேனரால் எஞ்சினை மெல்லச் சுற்றுகிறார். ரயில் ஒன்று கூவிக்கொண்டு போகிறது. ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வு பதிந்த பிறை தெரிகிறது; பிளேடால் வெட்டிப் பார்த்தால் அடியில் களிமண் நல்ல தடிமனாக மிச்சம் இருக்கிறது. "டீக் ஹை, சரியா இருக்கு, இடிக்கல. இனி நீதான் சொல்லணும்." இடிக்கும், ரோட்டு செட்டைத்தான் போட்டாக வேண்டும், தான் எதுவும் முடிவெடுக்க வேண்டியிருக்காது என்றே மெர்வின் நம்பியிருந்தான். வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளையும் சேர்த்து அழுத்தி, தும்பிக்கைக்காக ஒரு நுனியை இழுக்கிறான். எண்ணெய் பட்ட களிமண் ஒட்டமாட்டேன் என்கிறது. "ரேஸே போடுங்கண்ணே," என்கிறான்.