தம்பிக்குப் பதிலாக

"அக்கா, அவன் கேக்கறதுக்கு டக்டக்னு பதில் சொல்லிடு. யோசிச்சா ஃபெயிலு" என்று ஜேபி மைக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தான். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினான்.

ஜேபி என்கிற ஜெயப்பிரகாஷ் என் தம்பி. ராத்திரி ஷிஃப்டில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன், பகலில் இங்கிலாந்து போலீஸ்காரன்.

எல்லாம் கம்ப்யூட்டரில்தான். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கொரு போலீஸ் வேஷம் கட்டி, நிஜ ஸ்டேஷன் மாதிரியே டியூட்டி பார்க்கிற விளையாட்டு.

இரண்டு வருஷமாக அதில் ரோந்து போலீஸாகவே சுற்றுகிறான். தீவிரவாதிகளைப் பிடிக்கிற துப்பாக்கிப் படையில் சேர்ந்துவிட வேண்டும் என்று பயலுக்கு வெறி. அதற்கு இங்கிலீஷில் பேசிக் காட்டும் தேர்வு உண்டு. இத்தனை நாள் மைக் ரிப்பேர் என்று சொல்லி டைப் அடித்தே ஓட்டியவன். ஜேபி ஆணா பெண்ணா என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் படையில் அந்தப் பருப்பு வேகாது.

வீட்டில் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்தவள் நான்தான். வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவளும் நான்தான்.

புகழேந்தியை நான் விரும்புவது தெரிந்த அன்றே அப்பா என் போனைப் பிடுங்கிக்கொண்டார். அவன் வேறு சாதி, வேறு காரணம் எதுவும் இல்லை. காலையில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கம்பெனி பஸ் ஏறப் போய்விடுவாள். பிறகு அப்பா வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோல் கம்பெனிக்குக் கிளம்புவார். உள்ளே ஜேபி காவல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து எனக்குப் பூ வைத்து நிச்சயம் செய்யப் போகிறார்கள்.

வெளியாள் ஒருவரோடு பேச எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு இந்தத் தேர்வு.

ஜேபி பத்தாவது இங்கிலீஷில் மூன்று முறை ஃபெயில். ஆனாலும் போலீஸ், ஹெல்ப், லாக் எல்லாம் யாருக்குத்தான் புரியாது? வேறு எங்கே சொன்னாலும் மாட்டிக்கொள்வேன். இங்கே அவற்றைச் சொல்லாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

தேர்வு வைத்த வெள்ளைக்காரர் முதலில் விதியைச் சொன்னார். நடுவில் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சொந்தக் கதை பேசினால் தேர்வு அதோடு முடிந்தது. பிறகு கேள்விக்கு வந்தார். ஒரு வீட்டில் ஒருவரை அடைத்து வைத்திருக்கிறார்கள். முதலில் போய்ச் சேர்ந்த அதிகாரி நீ. ரேடியோவில் நிலவரம் சொல்.

சொன்னேன்.

ஊர் ஆம்பூர் என்றேன். எங்கள் தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னேன். அடைபட்டிருப்பது ஒரு பெண். காவலுக்கு ஒருவன், ஆயுதம் இல்லை. வாசலில் பூட்டு, சாவி அவள் அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமைக்குள் போலீஸ் வராவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடும்.

ஜேபி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் பேசுகிற வேகமே அவனுக்குப் போதும்.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார் வெள்ளைக்காரர்.

இது விளையாட்டு இல்லை என்கிறாள், அவள் பெயர் மேகலா, தயவுசெய்து நம்புங்கள் என்கிறாள் என்றேன். அடக்கப் பார்த்தும் அழுகை வந்துவிட்டது.

ஸ்பீக்கரில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் கைதட்டினார்.

இப்படி ஒரு நடிப்பை அவர் கேட்டதே இல்லையாம். கடைசிவரை வேஷம் கலையவே இல்லையாம். அந்த அழுகை பிரமாதமாம். தேர்வு முடிந்தது, படையில் சேர்த்தாகிவிட்டது, முதல் டியூட்டி இந்த ஞாயிற்றுக்கிழமை என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் தேர்வு முடிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி பேசுவது வேஷத்தில் சேராது. ஜேபிக்குப் பிடிபடாத பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி, அத்தனையும் நிஜம் என்று சொல்லிவிட வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டேன்.

ஜேபி எட்டி மைக்கை அணைத்தான்.

"ஞாயித்துக்கிழம டியூட்டிக்கு வர முடியாதுன்னு சொல்லிடுக்கா. வீட்ல விசேஷம் இருக்குதுன்னு சொல்லு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் இன்னும் அவனுக்குத் தமிழில் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு வருசமா காதுல இந்த இங்கிலீஷ்தானக்கா ஓடினிருக்குது. எனக்குப் பேசத்தான் வராது" என்றான். ஒரு கையால் மைக்கைத் திரும்பப் போட்டான். இன்னொரு கையைக் கம்ப்யூட்டர் பிளக்கின் மேல் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாது, வீட்டில் விசேஷம் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.

என்ன விசேஷம் என்று ஆசையாகக் கேட்டார்.

எனக்குத்தான் நிச்சயதார்த்தம் என்றேன். கொஞ்சம் முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று நான் அழுதது அவருக்கு இப்போதாவது உறைக்காதா என்று காத்திருந்தேன்.

அப்படியா என்று சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர் என்று மனதார வாழ்த்தினார்.