பச்சை வளையல்

தேர்தலில் ஜெயித்த அன்று, குடிசைத் தெருப் பெண்கள் தங்கள் கவுன்சிலர் பூங்காவனத்தின் கையில் ஆளுக்கொரு கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். நகராட்சி அதே இடத்தில் வீடு கட்டித் தரும், அவள் விடமாட்டாள் என்ற நம்பிக்கைதான்.

இன்று நகராட்சிக் கூட்டத்தில், அந்த இடத்தில் சந்தை, ஊருக்கு வெளியே வீடு என்று தீர்மானம் வந்தது. பார்வையாளர் பெஞ்சில் இருந்த குடிசைத் தெருக் காசியம்மா பார்க்க, அதை ஆதரித்துப் பூங்காவனத்தின் கைதான் முதலில் உயர்ந்தது. வளையல்கள் குலுங்கக்கூட இல்லை.

சாயங்காலம் காசியம்மா சோப்புத்தண்ணீரோடு அவள் வாசலில் நின்றாள். வளையலை உடைத்துக் கழற்ற மனம் வரவில்லை.

"என் பச்சை வளையலைக் குடுத்துருடி."

"மேலிடத்துல சொல்லிட்டாங்கக்கா, நான் என்ன பண்ணட்டும்?" பூங்காவனம் கையை நீட்டினாள்.

காசியம்மா நுரை தடவி இழுத்தாள். சதையில் பதிந்திருந்த வளையல் அசையவில்லை.

"அன்னிக்குத் தானா ஏறிச்சேடி," என்றாள், கையை விடாமல்.