பச்சைத் தண்ணியும் கிடையாது

நெற்றி நிறையத் திருநீற்றை இழுத்துப் பூசிக்கொண்டு வாய் கூசாமல் பொய் சொன்னார் மகேந்திரராசா.

"கோயிலுக்குப் போட்டு வாறன், புனிதம். வரப் பின்னேரமாகும்."

ஞாயிறுதோறும் இதே பொய்தான். மனைவி புனிதவதி ஒருநாளும் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. "கெதியாப் போங்கோ, பூசை முடியப்போகுது" என்று அவளே வாசல்வரை வந்து துரத்துவாள். இன்றைக்கு ஒரு தொப்பியையும் கையில் திணித்தாள்.

"வெய்யில் சுடுது. போட்டுக்கொண்டு நில்லுங்கோ."

முகத்தை மறைக்க வசதியாகப் போயிற்று என்று வாங்கிக்கொண்டார்.

கோயில் இருந்த தெருப்பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போய் கூசேன்வில் ரயிலில் ஏறினார். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் திருநீற்றைத் துடைத்தார், மீசையை நீவிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டுப் பார்த்தார்தான், மனம் கேட்டால்தானே!

கூசேன்வில்லில் மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே வரிசையாக நின்ற குப்பைத் தொட்டிகளின் மறைவில் போய் ஒதுங்கினார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்தது அவருடைய 'விண்மீன்கள்' கழகம்.

மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடிவருகிற எல்லே விளையாட்டுக்காக லா சப்பலில் அவர் தொடங்கிய கழகம் அது. பதினெட்டு வருடம் வளர்த்தார். வென்றாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் புனிதவதி பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் வரும். அதைச் சாப்பிடாமல் ஒருவனும் வீடு போனதில்லை.

பிறகு விமான நிலையத்தில் வேலை, கூசேன்வில்லில் வீடு என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மைதானமும் அங்கேதான் கிடைத்தது. உபதலைவராக இருந்த உதயன் கழகத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டான். கடைசிக் கூட்டத்தில் மகேந்திரராசா மேசையில் ஓங்கி அடித்தார்.

"இனி என்ரை வீட்டிலையிருந்து உங்களுக்குப் பச்சைத் தண்ணியும் கிடையாது!"

நாலு வருடமாகிறது. அந்தக் கழகத்தின் பெயரை வீட்டில் எடுக்கவும் தடை.

இப்போது பாருங்கள், சிவப்புச் சட்டை நீலமாகிவிட்டது. நெஞ்சில் லா சப்பல் என்று இருந்த இடத்தில் கூசேன்வில் என்று எழுதியிருக்கிறது. சாந்தன் அடித்த பந்து வேலிக்கு மேலால் பறந்தது, சனம் எழுந்து நின்று கூவியது. நேற்று வந்த சனம்! இவன் தடி பிடிக்கத் தெரியாமல் முழித்த காலத்தில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்?

கைதட்டப் போன கைகளை மகேந்திரராசா காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். தோற்றுத் தொலையட்டும் என்று மனதாரத் திட்டினார். அடுத்ததாக வந்த கிருஷிகன் பிடி கொடுத்து ஆட்டமிழந்தபோது "ஐயோ!" என்று கத்தியதும் அவரேதான்.

வென்றுவிட்டார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். லா சப்பலில் மிச்சமிருக்கிற இரண்டு மூன்று விளையாட்டுக்காரரை ஏற்றிவந்த வான் வண்டியிலிருந்து உதயன் இன்றைக்குப் புதிதாக ஒரு பெரிய பெட்டியை இறக்கினான். எல்லோரும் ஓடிப்போய் மொய்த்துக்கொண்டார்கள்.

ரோல்ஸ்! சாந்தன் இரண்டு கையிலும் இரண்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கடித்தான்.

மகேந்திரராசாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கழகத்தைக் கொண்டுபோனான், சரி. ரோல்ஸுமா? உதயன் பெண்சாதி பொரித்ததை இந்த விழுங்கு விழுங்குகிறார்களே, புனிதத்தின் கையை ஒருவனாவது நினைத்துப் பார்த்தானா? நன்றி கெட்டதுகள்! பாவம் புனிதம், இதைக் கேள்விப்பட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்!

நிமிர்ந்தபோது உதயன் வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தான். கையில் வெள்ளித்தாள் பொட்டலம். மகேந்திரராசா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

"இந்தாங்கோ அண்ணை."

"நோன், மெர்சி" என்று குரலை மாற்றிப் பிரெஞ்சில் வேண்டாமென்றார்.

"விடுங்கோ அண்ணை! நாலு வருசமா இந்தக் குப்பைத் தொட்டியடியிலை நிக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதே? வாங்கிச் சாப்பிடுங்கோ."

மானம் கப்பலேறிவிட்டது. வெட்கத்தை மறைக்க அவருக்குக் கோபம்தான் கைகொடுத்தது.

"உன்ரை மனுசியின்ரை ரோல்ஸ் எனக்கென்னத்துக்கடா? என்ரை புனிதத்தின்ரை கைக்குக் கிட்டவும் வருமே அது?"

உதயன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொட்டலத்தை வேலிக்கு மேலால் நீட்டினான்.

"என்ரை மனுசிக்கு ரோல்ஸ் சுத்தவே தெரியாது அண்ணை. இது, தொப்பியோடை நிக்கிறவருக்கெண்டு புனிதமக்கா புறம்பாக் கட்டித் தந்துவிட்டது."