பூஜ்யத் தண்ணீர்

ஒரு தொட்டி மீன்குஞ்சு மொத்தமாகச் செத்துவிட்டது. சென்சார் மட்டும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றது.

"உங்க மிஷின் சொல்லுது, தண்ணி நல்லாயிருக்காம். செத்ததுங்களுக்குத்தான் அது தெரியல," என்றார் மாமனார். பண்ணை அவருடையது. சென்சார் மாப்பிள்ளையின் பொறுப்பு.

"காலையிலதான் சரிபார்த்தேன் மாமா."

"கிழிச்சீங்க!"

மீன் கழிவும் மிச்சத் தீனியும் ஊறினால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். மீறினால் குஞ்சு தாங்காது. அதை அளக்கத்தான் சென்சார். அதற்கும் யாராவது பாடம் எடுக்க வேண்டும். எதுவும் கலக்காத டிஸ்டில்ட் வாட்டரில் முக்கி, 'இதுதான் பூஜ்யம்' என்று பதிய வைக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் மகள் நைட்ரேட் சோதனைத் தாளோடு வந்தாள். தொட்டியில் நனைத்தாள். தாள் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

என்ன தோன்றியதோ, டிஸ்டில்ட் வாட்டர் கேனிலும் ஒரு தாளை விட்டாள். வெள்ளையாகவே இருக்க வேண்டிய தாள். அதுவும் சிவந்தது.

"இது உரம் இறங்கின நம்ம கிணத்துத் தண்ணிப்பா! இதைப் போய்ப் பூஜ்யம்னு சொல்லிக் குடுத்தா, சென்சார் எல்லாத்தையும் குறைச்சுத்தானே காட்டும்?"

மாமனார் கேனிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார். பிறகு இரண்டு பங்காகக் கத்தினார்.

"கேன் தீர்ந்தா வாங்க வக்கில்லையா? குழாயைத் திறந்து ரொப்பி வெச்சுட்டீங்களா? மாப்பிள்ளைன்னு பார்க்கிறேன். வேற ஆளா இருந்தா நடக்கறதே வேற!"

வலை அலசிக்கொண்டிருந்த வேலையாட்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மாப்பிள்ளை கேனைப் பார்த்தார். அதன் பின்னால் கிடந்த புனலைப் பார்த்தார்.

"என் தப்புதான் மாமா."

"பொறுப்புன்னா என்னன்னு என்னைப் பார்த்துக் கத்துக்கணும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில ஒரு நாள், ஒரே நாள் தண்ணி குறைய விட்டிருக்கேனா? சாவியை வெச்சுட்டுக் கிளம்புங்க. அடுத்த முட்டை பொரியறப்போ இந்தப் பக்கமே வர வேண்டாம்."

வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்ல. அங்க ஏன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டீங்க?"

"திறந்தா குஞ்சு பிழைச்சுக்குமா?"

"அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சே!"

"யாராவது ஒருத்தருக்குப் போயிருக்கும். நான் வயசுல சின்னவன். எனக்கே போகட்டும்."

அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை பண்ணையிலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள்.

போனார். வேலையாட்கள் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில் சீல் பிரித்த புதுக் கேன். ஜாடியில் ஊற்றிய தண்ணீரில் சென்சார் நின்றது. திரையில் பூஜ்யம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விளக்கப் புத்தகமும் கையுமாக ஒருவர் குந்தியிருந்தார். எழுந்தார்.

"சரியா வந்திருக்கான்னு பாருங்க மாப்பிள்ளை. இந்தக் கேன் சென்சாருக்கு மட்டும். என் பேட்டரிக்கு வேற வாங்கிட்டேன்."

எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, சாவியை நீட்டினார் மாமனார்.