வாரம் ஒரு ரிப்பேர்

"இது தானா கழன்ற ஸ்க்ரூ இல்ல. யாரோ கழட்டின ஸ்க்ரூ!"

ஒரு பக்கமாய்த் தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, கணவர் அந்த ஸ்க்ரூவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பழைய அலமாரிங்க. கழன்றிருக்கும்."

"மரை கொஞ்சம்கூடத் தேயல. தலையில மட்டும் புதுசா கீறல் விழுந்திருக்கு. என்கிட்டயேவா?"

அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை வேலை. இடிபட்ட கார், எரிந்துபோன கடை என்று எதைக் காட்டினாலும், 'தானா நடந்ததா, நடத்தினதா?' என்றுதான் முதலில் கேட்பார். ஆபீசில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் அந்த மூக்குக்கு ஓய்வு கிடையாது.

"எல்லாம் அந்த ரிப்பேர்காரன் வேலை" என்றார் மோப்பம்.

ரிப்பேர்காரர் இரண்டு மூன்று மாதம் முன்பு ஒரு பையோடு வாசலில் வந்து நின்றவர். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்களாம். "ஏதாவது ரிப்பேர் இருக்குங்களாம்மா?" என்று கேட்டார். அவளும் உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறார். ஞாயிறு தவறாமல் வீட்டில் ஏதாவது உடைந்தும் கிடக்கிறது. நாற்காலிக் கால், மேஜை டிராயர், துணி காயப்போடும் கொடி...

"வர்றான், ஒண்ணைச் சரி பண்றான், போறப்ப இன்னொண்ணை லூஸ் பண்ணிட்டுப் போறான். அடுத்த வாரத்துக்குப் பொழப்பு ரெடி! வாசல்ல வந்து நிக்கிறவனையெல்லாம் வேலைக்கு வைக்காதேன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? இன்னைக்கு வரட்டும். நாலு கேள்வி கேட்டு, வாசலோட திருப்பி அனுப்பறேன். இந்தத் தெருவுலயே எவனும் அவனுக்கு வேலை தரக் கூடாது."

அவள் முகம் வாடிப்போனது. "பாவம்ங்க. அவர் மேல பழி போடாதீங்க."

"வேற யார் மேல போடறது? உன் மேலயா?"

மோப்பம் நிமிர்ந்து பார்த்தார். அவள் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கையில என்ன?"

"கரண்டி."

"காட்டு."

காட்டினாள். ஸ்க்ரூ டிரைவர்.

"அடிப்பாவி, நீயா?"

"அவர் சும்மா எதையும் கை நீட்டி வாங்க மாட்டாருங்க. 'வேலை இருந்தா குடுங்கம்மா, இல்லேன்னா வேண்டாம்'னு மொத நாளே சொல்லிட்டார். வாரா வாரம் ரிப்பேருக்கு நான் எங்க போறது? அவருக்கு நல்லதா ஒரு இடம் அமையற வரைக்கும்தான்..."

"கொடி அறுந்தது?"

"நான்தான்."

"என் நாற்காலி? பொத்துனு விழுந்தேனே!"

"அதுல நீங்க போய் உட்காருவீங்கன்னு நினைக்கலீங்க."

மோப்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பணம் பறிப்பதற்காக உடைப்பவர்களையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். கொடுப்பதற்காக உடைக்கிற ஒருத்தி தன் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்த அப்பாவி மனிதரை வாய்க்கு வந்தபடி பேசியதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. மோப்பமே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்."

இத்தனை வரவேற்பை எதிர்பார்க்காத ரிப்பேர்காரர், அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து, அலமாரிக் கதவைச் சரிசெய்ய உட்கார்ந்தார். மனைவி துவைத்த துணியோடு மாடிக்குப் போனாள்.

மோப்பம் தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தார். "எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு மரக்கடையில நல்ல ஆள் வேணும்னு கேட்டாங்க. நிரந்தர வேலை. நான் சொன்னா எடுத்துப்பாங்க. நாளைக்கே வர்றீங்களா?"

ரிப்பேர்காரர் துள்ளிக் குதிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிப் படியைப் பார்த்தார்.

"அம்மா காதுல விழாதுங்களே?"

"விழாது. சொல்லுங்க."

"எனக்கு வேலை கிடைச்சு ஒரு மாசம் ஆச்சுங்கய்யா. நாற்காலி செய்யற கம்பெனி. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. 'அன்னைக்கும் எங்க கிளம்பறீங்க?'ன்னு வீட்ல ஒரே சண்டை."

மோப்பத்தின் மூக்கு மறுபடியும் விழித்துக்கொண்டது. "அப்புறம் எதுக்கு வாரா வாரம் இங்க வர்றீங்க?"

"சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கேன். இந்த மாதிரி சாமான் உடையற வீட்டைப் பார்த்ததே இல்ல. எப்படிம்மா உடைஞ்சதுன்னு கேட்டா, 'அவர் கை பட்டுடுச்சு'ன்னு அம்மா சிரிச்சு மழுப்பிடறாங்க."

"நானா? நான் எங்க..."

"இருங்கய்யா, நான் சொல்லி முடிச்சுடறேன்." ரிப்பேர்காரர் எழுந்து நின்றார். குரல் தணிந்திருந்தது, ஆனால் பிசிறில்லை. "கோபத்தைச் சாமான் மேல காட்டறவர், நாளைக்கு அம்மா மேல காட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? அதான், அவங்க நல்லா இருக்காங்களான்னு வாரம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறேன். வேலைன்னு வந்தாத்தானே உள்ளே வர முடியும்? என்னதான் பெரிய மனுஷரா இருந்தாலும், நீங்க எனக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளாச்சுங்களே!"